தூரத்து அகதியும் பக்கத்து அகதியும்

ஏஞ்சலினா ஜோலியைப் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் தேவதை. அகதி முகாமில் தரையில் உட்கார்ந்து ஒரு கிழவியின் கையைப் பிடித்திருக்கும் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “மனுசின்னா இப்படி இருக்கணும்” என்பார்கள். இன்னொரு கட்சி சிரிக்கும். “எல்லாம் விளம்பரம்டா. காசு இருக்கு, நேரம் இருக்கு, பின்னாடியே கேமரா இருக்கு. எனக்கும் இருந்தா நானும் செய்வேன்.”

சண்டை நீளும். தே தாரேக் ஆறிப்போகும். ஆனால் இரு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கின்றன. இருவருமே ஜோலியை மட்டும்தான் பார்க்கிறார்கள். படத்தில் அவர் கையைப் பிடித்திருக்கும் அந்தக் கிழவி எந்த ஊர்க்காரி, எதனால் ஊரை விட்டு ஓடி வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு திரை நட்சத்திரத்தை மனிதநேயத்துக்கு முன்மாதிரி என்று சொல்லும்போது அவரிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்கிறோம்? இதுதான் என் கேள்வி. அவருடைய அழகையோ புகழையோ பணத்தையோ நம்மால் எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையென்றால் அதற்குப் பெயர் வியப்பு. வாணவேடிக்கையைப் பார்த்துக்கூட வியக்கலாம். முன்மாதிரி என்ற சொல்லுக்கு அதைவிடக் கொஞ்சம் கனமான பொருள் இருக்க வேண்டும்.

முதலில் அவர் செய்தவை. 2000ஆம் ஆண்டில் ஆஸ்கார் வாங்கிய கையோடு ‘லாரா கிராஃப்ட்’ படப்பிடிப்புக்காகக் கம்போடியா போகிறார் ஜோலி. போரும் கண்ணிவெடியும் சிதைத்துப்போட்ட நாடு அது. திரும்பி வந்த பிறகு ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனமான யுஎன்எச்சிஆரைத் தானே தொடர்புகொள்கிறார். 2001 பிப்ரவரியில் சியரா லியோனுக்கும் தான்சானியாவுக்கும் அவரது முதல் பயணம். அந்த ஆண்டு ஆகஸ்டில் நல்லெண்ணத் தூதராக நியமிக்கப்படுகிறார். பயணச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்புகள் 2003இல் புத்தகமாக வந்தன. 2012இல் சிறப்புத் தூதராகப் பொறுப்பு உயர்கிறது. 2022 டிசம்பரில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகும்வரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவர் முகாம்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 2019 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாருக்குப் போய் ரோஹிங்யா அகதிகளைச் சந்தித்தார்.

இப்போது விளம்பரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். தத்துவத்தில் இது பழைய கேள்வி. காண்ட் ஒரு கடைக்காரரை உதாரணம் சொல்வார். அவர் சின்னப் பிள்ளைகளைக்கூட ஏமாற்றாமல் சரியான விலைக்கு விற்கிறார், ஏனென்றால் நேர்மையானவர் என்று பேர் எடுத்தால் வியாபாரம் நன்றாக நடக்கும். அவர் செய்தது சரியான செயல், ஆனால் அதில் அறமதிப்பு இல்லை என்பது காண்டின் தீர்ப்பு. கடமைக்காகச் செய்தால்தான் மதிப்பு.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பாதிதான் உடன்பாடு. பிள்ளைக்குச் சில்லறை சரியாகக் கிடைத்துவிட்டது. கடைக்காரரின் மனம் எப்படி இருந்தால் பிள்ளைக்கு என்ன? கூடாரத்துக்குத் தார்ப்பாய் கிடைத்த குடும்பமும் கொடுத்தவரின் உள்நோக்கத்தை ஆராய்ந்துகொண்டு மழையில் நிற்கப் போவதில்லை. உள்நோக்கம் என்பது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் நமக்குத்தான் பிரச்சினை.

ஆனால் முன்மாதிரி என்று வரும்போது காண்ட் சொன்ன மீதிப் பாதியும் தேவைப்படுகிறது. நாம் பின்பற்றப் போவது செயலை மட்டுமல்ல, அந்தச் செயலைத் தொடர்ந்து செய்ய வைத்த ஏதோ ஒன்றையும்தான். அடுத்தவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க வழியில்லை. நான் பொறியியல் படித்தவன். கான்கிரீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எங்களாலும் கண்ணால் பார்க்க முடியாது. அச்சில் வார்த்து, 28 நாள் கழித்து, எடையை ஏற்றி உடைத்துப் பார்ப்போம். தாங்கியதா இல்லையா என்பதுதான் பதில். மனிதர் விஷயத்தில் அந்த எடை காலம்தான். ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தவரை விளம்பரம் என்று சொல்லிவிடலாம். இருபது ஆண்டு திரும்பத் திரும்பப் போனவரை அப்படி ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆரம்பத்தில் விளம்பரமாகவே இருந்திருந்தாலும் நடுவில் எங்கோ அது வேறொன்றாக மாறியிருக்க வேண்டும்.

தமிழர்களான நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நட்சத்திரம் நல்லது செய்தால் அதைப் புரிந்துகொள்ள நம்மிடம் தயாராக ஓர் அச்சு இருக்கிறது. அதன் பெயர் வள்ளல். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியிலிருந்து, ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்த எம்.ஜி.ஆர் வரை அந்த அச்சு மாறவில்லை. இங்கே தோட்டத்து வீடுகளில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர் படம் மாட்டியிருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். வள்ளல் கதையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கொடுப்பவருக்கு முகமும் பெயரும் உண்டு. வாங்குபவருக்கு இரண்டும் இல்லை. புலவராக இருந்தால் பெயர் தப்பிக்கும், பதிலுக்குப் பாட வேண்டும். அந்த முல்லைக்கு உண்மையிலேயே தேர் தேவைப்பட்டதா, ஒரு கொம்பு போதாதா என்று கேட்பது அந்தக் கதைக்குள் பண்பில்லாத கேள்வி. ஏனென்றால் கதை முல்லையைப் பற்றியது இல்லை, பாரியைப் பற்றியது.

ஜோலியை இந்த அச்சில் போட்டால் அவரும் ஒரு வெள்ளைக்கார வள்ளலாகிவிடுவார். அவருடைய ரசிகர்கள் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கொடை இல்லை, சாட்சி. போனார், கேட்டார், எழுதி வைத்தார், திரும்பி வந்து அதிகாரத்தில் இருப்பவர்களிடம் சொன்னார். 2015 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் சிரியாவைப் பற்றிப் பேசியபோது அவர் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை. இந்த மன்றம் ஒன்றுபடாததால்தான் இந்தப் போர் முடியாமல் நீள்கிறது என்ற பொருளில், அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்துக்கு நேராகவே குற்றம் சாட்டினார். வள்ளல் இப்படிப் பேச மாட்டார். வள்ளலுக்கு மன்னர்கள் எல்லாரும் வேண்டப்பட்டவர்கள். சாட்சிக்குத்தான் யாராவது ஒருவர் முகம் சுளிக்க வேண்டிவரும்.

அதற்காக அவர் மேல் வைக்கப்படும் விமர்சனங்கள் எல்லாம் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எனக்குக் கனமாகப் படுவது ஒன்று. நட்சத்திரம் எங்கே போகிறதோ அங்கேதான் கேமரா போகும். அப்படியென்றால் எந்தத் துயரம் உலகத்தின் கண்ணில் படும் என்பதை ஒரு நடிகையின் பயணத் திட்டம் முடிவு செய்கிறது. அவர் போகாத முகாமில் இருப்பவன் என்ன பாவம் செய்தான்? போன இடத்திலும் புகைப்படத்தின் நடுவில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். அகதி பெரும்பாலும் பின்னணியாகிவிடுகிறார். கம்போடியாவைப் பற்றி அவர் இயக்கிய படத்துக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்த முறையைப் பற்றி 2017இல் ஒரு சர்ச்சை எழுந்தது. ஏழைப் பிள்ளைகள் முன்னால் பணத்தை வைத்து, பிறகு அதைப் பறிப்பதுபோல் நடிக்கவைத்தார்கள் என்று செய்தி வந்தது. அது படத்தில் வரும் ஒரு காட்சியை ஒட்டிய பயிற்சி, திரித்து எழுதப்பட்டிருக்கிறது என்று ஜோலி மறுத்தார். யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு அதில் தெரிந்தது வேறு. எவ்வளவு நல்ல மனத்தோடு போனாலும், பலமுள்ளவர் பலமில்லாதவரின் கதையைச் சொல்லப் புகும்போது கை எங்கேயோ ஒரு இடத்தில் இடறும். அந்த ஆபத்து வேலையோடு சேர்ந்தே வருகிறது.

2022இல் விலகியபோது, இனி அகதிகளோடும் உள்ளூர் அமைப்புகளோடும் நேரடியாக வேலை செய்யப்போவதாக ஜோலி அறிவித்தார். அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஒரு முகத்தால் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தவர் வந்து சேர்ந்த இடம் அது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். முகம் கண்களைத் திருப்பும். சட்டத்தைத் திருப்ப அது போதாது. சட்டத்தைத் திருப்ப வேண்டியவர்கள் அந்தந்த நாட்டில் ஓட்டுப்போடுகிறவர்கள்.

இங்கேதான் கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய ஒரு கட்டுரை தத்துவ மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. குட்டையில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கினால் உங்கள் உடுப்பில் சேறு படும், அவ்வளவுதான். இறங்க மாட்டீர்களா? இறங்குவீர்கள் என்றால், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் சாகும் குழந்தைக்காக ஏன் எதுவும் செய்வதில்லை? தூரம் என்பது அறத்தில் ஒரு சாக்காக முடியாது என்பது அவர் வாதம். அவர் அதை எழுதக் காரணமாக இருந்தவர்கள் 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள்.

சிங்கர் பேசியது பணக்கார நாடுகளில் இருப்பவர்களிடம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்காக எல்லாரும் குட்டையில் இறங்குவார்கள் என்பதை அவர் எடுகோளாகவே வைத்துக்கொண்டார். மலேசியாவில் இருந்து பார்த்தால் அந்த எடுகோளே ஆட்டம் காண்கிறது. நமக்குத் தூரத்து அகதி மேல் இரக்கம் வருகிறது. பக்கத்து அகதி மேல்தான் வருவதில்லை.

2016 டிசம்பரில் கோலாலம்பூர் தித்திவங்சா அரங்கத்தில் ரோஹிங்யாக்களுக்கு ஆதரவாகப் பெரிய பேரணி நடந்தது. பிரதமரே வந்து பேசினார். அப்போது அவர்கள் பெரும்பாலும் ராக்கைனில் இருந்தவர்கள், செய்தியில் வந்தவர்கள். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், ஏறத்தாழ 200 ரோஹிங்யாக்கள் இருந்த படகொன்று லங்காவி அருகே வந்தது. நம் கடற்படை உணவு கொடுத்துத் திருப்பி அனுப்பியது. அந்த வாரங்களில் இணையத்தில் மலாய், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் எழுதப்பட்டவற்றை நீங்களும் படித்திருப்பீர்கள். இன ஒற்றுமைக்கு நாம் தேர்ந்தெடுத்த சந்தர்ப்பம் அது.

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு வகையே கிடையாது. யுஎன்எச்சிஆரில் பதிந்தவர்கள் மட்டும் 180,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அவர்களில் ரோஹிங்யாக்களே அதிகம். இலங்கையிலிருந்து வந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. அட்டையைக் காட்டினால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. 2017இல் 300 ரோஹிங்யாக்களுக்கு வேலை கொடுக்கும் சோதனைத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 300 பேர்.

ஆனால் எல்லாரும் வேலை செய்கிறார்கள். செய்யாமல் எதைச் சாப்பிடுவது? செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், சைட்டில் கம்பி கட்டுகிறவர்கள். நான் வேலை செய்த ஒரு தளத்தில் அப்படி ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். மலாய் என்னைவிட நன்றாகப் பேசுவார். ஒருமுறை துணைக் குத்தகைக்காரர் ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் ஆள் மாறிப் போய்விட்டார். “புகார் கொடுக்கலாமே” என்றேன். என்னை ஒரு சின்னப் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “தம்பி, புகார் கொடுக்கணும்னா முதல்ல நான் இங்க வேலை செஞ்சேன்னு சொல்லணும்” என்றார். எங்கள் பேச்சு மலாயில் நடந்தது, தம்பி என்பதை மட்டும் தமிழில் சொன்னார். சைட்டில் கற்றுக்கொண்டது.

இன்னொரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அவருடைய அக்கா காக்ஸ் பஜார் முகாமில் இருப்பதாகத் தெரியவந்தது. ஜோலி அங்கே போனதைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. “வந்தது நல்லதுதான். யாருமே வரலன்னா நாங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது” என்றார். பிறகு, இங்கே தன் மகள் படிக்கும் சமூகப் பள்ளி வீட்டு வாடகை கட்ட முடியாமல் இடம் மாறப் போகிறது, புது இடம் தூரம், எப்படி அனுப்புவது என்று பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அதுதான் பிரச்சினை. நியாயம்தானே?

‘அவனுங்க வந்தா நம்ம வேலை போயிடும்’ என்று சொல்கிறவர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. குறைந்த சம்பளத்தில் வாழும் ஒரு மலேசியத் தமிழருக்கு அந்தப் பயம் உண்மையானது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சட்ட உரிமை இல்லாத தொழிலாளிதான் முதலாளிக்கு மலிவு. சம்பளம் கேட்க மாட்டான், அடிபட்டால் வழக்குப் போட மாட்டான். அவனுக்கு உரிமை கிடைத்தால் அவன் மலிவாக இருப்பது நின்றுபோகும். நம் சம்பளத்தைக் கீழே இழுப்பது அவன் இங்கே இருப்பதைவிட, அவனுக்கு எந்தக் காகிதமும் இல்லாமல் இருப்பதுதான்.

காகிதம் இல்லாமல் இருப்பது நமக்கு அந்நியமான அனுபவமும் இல்லை. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போன பாட்டிகள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். ‘பெண்டாத்தாங்’ என்ற சொல் நம்மை நோக்கி வரும்போது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதே சொல்லைக் கையில் எடுத்து இன்னொருவன் மேல் எறிவதற்கு நமக்கு எவ்வளவு கொஞ்ச நேரம் பிடிக்கிறது!

திருக்குறளில் ஈகை என்ற அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: நானும் அவனும் ஒரே ஊரில் வாழ்கிறோம் என்பதை ஒத்துக்கொண்டு அதற்கேற்ப நடப்பது. ஈகைக்குத் தூரம் தடையில்லை. சொல்லப்போனால் தூரம் இருந்தால் சுலபம். அனுப்பிவிட்டு மறந்துவிடலாம். ஒப்புரவு பக்கத்தில் இருப்பவனோடுதான் சாத்தியம், அதனாலேயே கஷ்டம். அவன் பிள்ளை உன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காரும். அவன் சம்பளம் கேட்பான். உன்னோடு வரிசையில் நிற்பான். சில நேரம் உனக்கு முன்னால் நிற்பான்.

முன்பு இந்த நாடு இதைவிடப் பெரிய ஒன்றைச் செய்திருக்கிறது. 1978 முதல் 1991 வரை திரங்கானு கடலில் பூலாவ் பீடோங் தீவு வியட்நாமியப் படகு அகதிகளின் முகாமாக இருந்தது. ஏறத்தாழ 250,000 பேர் அந்தத் தீவு வழியாகப் போயிருக்கிறார்கள். நாம் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை, வேறு நாடுகள் ஏற்கும் என்ற உறுதியில்தான் தங்கவிட்டோம். படகுகளைத் தள்ளிவிட்ட கதைகளும் உண்டு. ஆனாலும் இங்கே செய்யவே முடியாது என்ற வாதம் பீடோங்கைப் பார்த்தால் நிற்காது.

ஆக, ஜோலியிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? புகழ் தேவைப்படாத மூன்று விஷயங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, போய்ப் பார்ப்பது. அவர் கண்டம் தாண்டிப் போனார். நாம் சமூகப் பள்ளி ஒன்றுக்குச் சனிக்கிழமை காலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகலாம். ஆள் தேவைப்படாத பள்ளி ஒன்றுகூட இருக்காது. இரண்டு, கேட்டதை எழுதி வைப்பது. மலேசியத் தமிழ்ப் புனைவில் தோட்டம் இருக்கிறது, கம்பம் இருக்கிறது, அடுக்குமாடி இருக்கிறது. அந்த அடுக்குமாடியின் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ரோஹிங்யாக் குடும்பம் எத்தனை கதைகளில் இருக்கிறது? எழுதும் இளைஞர்கள் படிக்கும் இடம் என்பதால் இதை இங்கே கேட்கிறேன். மூன்று, திரும்பத் திரும்பப் போவது, போன பிறகு அதிகாரத்தில் இருப்பவரிடம் சட்டத்தைப் பற்றிக் கேட்பது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலைக் குழியையும் கோயில் நிலத்தையும் கேட்கும் நாம், அகதிப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இந்த மூன்றில் எதையும் செய்யாமல் ஜோலியின் படத்தைப் பகிர்வதில் குற்றம் ஒன்றுமில்லை. அதை மனிதநேயம் என்று சொல்லாமல், ரசனை என்று சொல்லிக்கொண்டால் போதும்.